எஞ்சின் மாற்று, வகை மாறுதல்: மீயிலகு வானூர்திக்குச் சில சொற்கள்

கலைச்சொல் குழும நண்பர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

"அல்ட்ராலைட்டில் எஞ்சினை மாற்றுவதையும், அதனால் அதன் பதிவு வகை மாறுவதையும் தமிழில் எப்படி எழுதுவது?" என்று, கையேட்டை மொழிபெயர்க்கும் மதுரை அக்கா போன வாரம் கேட்டிருந்தார். அதற்கு நம் குழுமத்து ஐயா "எஞ்சின் மாற்றமும் பதிவு வகை மாற்றமும்" என்று எழுதினார். அதைப் பலரும் ஏற்றுக்கொண்டதுபோல் தெரிகிறது. எனக்கு அதில் மூன்று இடங்களில் உறுத்தல் இருக்கிறது. கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன்.

முதலில் அல்ட்ராலைட், அதாவது ஓரிருவர் மட்டும் ஏறும் மிக இலேசான சிறு விமானம். இதில் அதிகம் சண்டை வேண்டாம். "மென்வானூர்தி" என்றால் மென்பொருள் நினைவுக்கு வருகிறது. "நொய்வானூர்தி" நல்ல தமிழ்தான், ஆனால் நொய் என்றதும் உடைந்த அரிசிதான் கண்ணில் நிற்கிறது. உயிரை நம்பி ஏறும் வண்டிக்கு அந்தப் பெயர் ஆகாது. "இலகுரக வாகனம்" ஓட்டுநர் உரிமம் எடுத்த எல்லோருக்கும் தெரிந்த தொடர். அல்ட்ராசவுண்டை மீயொலி என்று ஏற்கெனவே சொல்கிறோம். ஆகவே மீயிலகு. இது போதும்.

இரண்டாவதுதான் முக்கியம். "மாற்றம்" என்ற ஒரே சொல்லை எஞ்சினுக்கும் வகைக்கும் போட முடியாது. எஞ்சினை ஒருவர் கழற்றி வேறொன்றைப் பூட்டுகிறார். அது செய்கிற வேலை. வகையை யாரும் கழற்றிப் பூட்டுவதில்லை. எஞ்சினை மாற்றியதன் விளைவாக அது தானே மாறிவிடுகிறது. மாற்று, மாறு என்று இரண்டு வினைகளைத் தமிழ் தனித்தனியாக வைத்திருக்கும்போது, இரண்டையும் "மாற்றம்" என்ற ஒரே பானையில் போட்டுக் கலக்குவது ஏன்?

நான் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். நான் இருக்கும் ஒண்டாரியோவில் ஒரு சிறிய புல்தரை ஓடுதளம். அங்கே இரண்டு இருக்கை மீயிலகு ஒன்றின் பழைய டூ ஸ்ட்ரோக் எஞ்சினை இறக்கிவிட்டு, வேறொரு எஞ்சினை ஏற்றினார்கள். நானும் கூடமாட நின்றேன். மூன்று சக்கரங்களுக்கு அடியிலும் மூன்று தராசு. வால் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும் என்று ஒருவர் ரசமட்டத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தார். மூன்று எண்களையும் கூட்டிப் பார்த்தபோது எடை வரம்புக்குள்தான் இருந்தது. எல்லோரும் மகிழ்ச்சியாகத்தான் இருந்தோம். ஆனால் கனடாவில் மீயிலகு வானூர்திக்கு அடிப்படை வகை, மேம்பட்ட வகை என்று இரண்டு உண்டு. மேம்பட்ட வகையில் இருக்க வேண்டுமானால், தயாரித்தவர் அறிவித்த அமைப்பின்படியே அது இருக்க வேண்டும். எதை மாற்றினாலும் தயாரிப்பாளரின் ஒப்புதல் கடிதம் வேண்டும். இந்த எஞ்சினுக்கு அந்தக் கடிதம் கிடைக்கவில்லை. எடை சரி, கட்டுமானம் சரி, ஆனாலும் அது அன்றோடு அடிப்படை வகை.

அடிப்படை வகையில் பயணியை ஏற்றக் கூடாது. பயிற்சி தரும்போது, அல்லது உடன் வருபவரும் ஓட்ட அனுமதி பெற்றவராக இருந்தால்தான் இரண்டாவது இருக்கைக்கு ஆள். தலைக்கவசமும் கட்டாயம். அந்த வாரம் கொட்டகைச் சுவரில் புதிதாக ஓர் ஆணி அடித்து, ஒரு வெள்ளைத் தலைக்கவசத்தை மாட்டினார்கள். ஒன்றே ஒன்றுதான். பல ஆண்டுகளாகப் பக்கத்து இருக்கையில் பறந்துகொண்டிருந்த உரிமையாளரின் மனைவி, அதன் பிறகு ஓடுதள ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். வானூர்தியின் பதிவெழுத்துகளில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. கனடாவில் மீயிலகு எதுவானாலும் குறியீடு சி-ஐ என்றுதான் தொடங்கும். அடிப்படைக்கும் அதேதான், மேம்பட்டதற்கும் அதேதான். வெளியே நின்று பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது. வகை மட்டும் மாறிவிட்டது. இதை "வகையை மாற்றினார்" என்று எழுதினால் அந்த மனிதருக்குச் செய்யும் அநியாயம்.

அதனால் என் பரிந்துரை: எஞ்சினுக்கு "மாற்று", வகைக்கு "மாறுதல்". இரண்டும் புதிய சொற்கள் அல்ல. சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை என்கிறோம். பழையதை எடுத்துவிட்டு வேறொன்றை வைப்பது என்ற பொருள் அங்கே நன்றாக ஊறியிருக்கிறது. எஞ்சின் மாற்று என்றால் கிராமத்து மெக்கானிக்குக்கும் புரியும். மாறுதலுக்கு நம் வருவாய்த் துறையே வழிகாட்டி. பட்டா மாறுதல் என்பதை ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கிரயம் செய்வது நாம், பட்டா மாறுவது அதன் விளைவு.  வானூர்தியிலும் இதே வரிசைதான்.

"வகை இறக்கம் என்றால் இன்னும் தெளிவாக இருக்காதா?" என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். கனடாவில் நான் பார்த்ததற்கு அது பொருந்தும். ஆனால் எல்லைக்கு அந்தப் பக்கம் போனால் தலைகீழாகிவிடும். அமெரிக்க வான்போக்குவரத்து விதிகளில் 1982இல் வந்த 103ஆம் பகுதிப்படி, எஞ்சின் உள்ள மீயிலகுவுக்கு ஒரே இருக்கை. வெற்று எடை 254 பவுண்டுக்குள், அதாவது ஏறத்தாழ 115 கிலோவுக்குள். எரிபொருள் 5 கேலனுக்கு மேல் கூடாது. முழு விசையில் மட்டமாகப் பறக்கும்போது வேகம் மணிக்கு 55 கடல் மைலைத் தாண்டக் கூடாது. எஞ்சின் விசையின்றி, விழாமல் மிதக்கத் தேவையான மிகக் குறைந்த வேகம் மணிக்கு 24 கடல் மைலுக்கு மேல் போகக் கூடாது. இதற்குள் இருந்தால் பதிவும் வேண்டாம், ஓட்டுநர் சான்றும் வேண்டாம். இப்போது 40 குதிரைத்திறன் ரோட்டாக்ஸ் 447 எஞ்சினை எடுத்துவிட்டு, ஏறத்தாழ 50 குதிரைத்திறன் உள்ள 503ஐ வைத்தால் இரண்டு பக்கத்திலும் இடி. எடை கூடுகிறது. எடை தப்பித்தாலும் வேகம் 55ஐத் தாண்டலாம். தாண்டினால் அது 103க்குள் இல்லை. அமெரிக்கப் பதிவுக்குரிய "N" என்ற எழுத்தோடு தொடங்கும் எண் வாங்க வேண்டும், பரிசோதனை வகையில் சான்று வாங்க வேண்டும், ஓட்டுபவருக்கும் சான்று வேண்டும். இதை இறக்கம் என்று எப்படிச் சொல்வது? ஏற்றம் என்றும் சொல்ல முடியாது, ஏனென்றால் சுதந்திரம் போய்விட்டது. மாறுதல் என்றால் இரண்டு நாட்டுக்கும் பொருந்தும்.

இங்கே மூன்றாவது உறுத்தலும் வந்துவிடுகிறது. அமெரிக்க மீயிலகுவுக்குப் பதிவே கிடையாது. பதிவே இல்லாததற்குப் "பதிவு வகை" ஏது? ஆகவே "பதிவு" என்பதை எடுத்துவிட்டு "வகை மாறுதல்" என்றே வைப்போம். முதன்முறை பதிவு பெறுவதைத் தனியாகப் "பதிவுக்குள் வருதல்" என்று எழுதலாம். பதிவேற்றம் என்று ஒருவர் தந்திருந்தார். அது இணையத்தில் படம் போடுவதற்கு நிலைத்துவிட்டது, இனி மீட்க முடியாது.

இன்னொன்றையும் அக்கா கவனிக்க வேண்டும். அமெரிக்க விதி இதை வானூர்தி என்று அழைப்பதே இல்லை; மீயிலகு ஊர்தி என்றுதான் சொல்கிறது. வேண்டுமென்றேதான் அப்படி வைத்திருக்கிறார்கள், வானூர்திக்கான பதிவும் தகுதிச் சான்றும் இதைத் தொடக் கூடாது என்பதற்காக. கனடா விதியில் அது மீயிலகு வானூர்தி. நமக்கு ஊர்தி, வானூர்தி என்று இரண்டும் கைவசம் இருப்பது பெரிய வசதி. அமெரிக்க நூலை மொழிபெயர்க்கும்போது தயவுசெய்து எல்லா இடத்திலும் "வான்" சேர்த்துவிடாதீர்கள். எஞ்சின் மாற்றால் ஊர்தி வானூர்தியாகிறது என்று அந்த ஒரு சொல் சேர்க்கையிலேயே சட்டம் மொத்தமும் விளங்கிவிடும்.

எஞ்சினை மாற்றினால் வகை மாறியே தீரும் என்றும் இல்லை. அமெரிக்காவில் ஏற்கெனவே பரிசோதனை வகையில் சொந்தமாகக் கட்டியது என்று பதிவான வானூர்தியில் எஞ்சினை மாற்றினால், வகை அப்படியே இருக்கும். திரும்பவும் குறைந்தது 5 மணி நேரம் சோதனைப் பறப்பு செய்ய வேண்டும், அவ்வளவுதான். அதனால் இரண்டையும் ஒட்டி ஒரே கூட்டுச்சொல்லாக ஆக்கச் சொன்ன ஐயாவின் யோசனையும் வேண்டாம் என்று நினைக்கிறேன். தனித்தனிப் பதங்களாகவே இருக்கட்டும்.

அப்புறம், இந்தப் பட்டியலில் யாரும் சேர்க்காத ஒரு சொல் தேவைப்படுகிறது. தொழிற்சாலையில் முழுதாகக் கட்டி விற்ற ஒரு மீயிலகு, எஞ்சின் மாற்றால் 254 பவுண்டைத் தாண்டிவிட்டது என்று வையுங்கள். சொந்தமாகக் கட்டியது என்று பதியலாமா? முடியாது, பாதிக்கு மேற்பட்ட வேலையை ஆர்வலர்களே கற்றலுக்காகவோ மகிழ்ச்சிக்காகவோ செய்திருக்க வேண்டும். எடை மிகுந்த பழைய மீயிலகுகளைப் பதிந்துகொள்ளத் தந்திருந்த அவகாசமும் 2008 ஜனவரி 31இல் முடிந்துவிட்டது. இருந்த வகை போயிற்று, போய்ச் சேர வேறு வகையும் இல்லை. இதை மாறுதல் என்று எழுதினால் வாசிப்பவர் ஏமாந்துபோவார். இதற்கு "வகையிழப்பு" என்று தருகிறேன். கையேட்டில் இந்தச் சொல் கட்டாயம் இருக்க வேண்டும். எஞ்சினை வாங்கிப் பூட்டிய பிறகு இதைத் தெரிந்துகொள்கிறவர்களின் வலி பெரிது.

எஞ்சினா, உந்துபொறியா என்ற வழக்கு பாக்கி. அட்டவணையில் உந்துபொறி, ஓடும் உரைநடையில் எஞ்சின் என்று வைத்துக்கொள்ளலாம். நான் பிடிவாதம் பிடிக்க மாட்டேன்.

அக்கா கேட்ட வரியை இப்படி எழுதிப் பார்த்தேன்: "மீயிலகு ஊர்தியில் எஞ்சின் மாற்று செய்யும் முன் புதிய வெற்று எடையையும் உச்ச வேகத்தையும் கணக்கிடுங்கள், வரம்பைத் தாண்டினால் வகை மாறுதல் நேரும், சேர வேறு வகை இல்லையென்றால் வகையிழப்பு." வாய்விட்டுப் படித்துப் பார்த்து, எங்காவது தடுக்கினால் எழுதுங்கள்.