ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டாலே அம்மா நிலைகுலைந்து போகிறார், என்ன செய்யலாம்?

காவேரிப்பட்டணத்தான்:
எங்கள் வீடு சேலம்–பெங்களூரு ரோட்டிலிருந்து கூப்பிடு தூரம். 2021 மே மாதம், கொரோனா இரண்டாவது அலையில் அப்பா தவறிவிட்டார். உறையில் சுற்றிக் கொடுத்ததால் அம்மா முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை, ஊரடங்கில் காரியத்துக்கும் யாரும் வரவில்லை. இன்றைக்கும் சைரன் கேட்டால் கையிலிருக்கும் கரண்டியைப் போட்டுவிட்டுப் பின்பக்கம் போய், குழாயை முழுசாகத் திறந்துவிட்டு, அந்தச் சத்தம் போகும்வரை அங்கேயே நிற்கிறார். அழுது நான் பார்த்ததே இல்லை. சொந்தக்காரர்கள் 'தைரியமான பொம்பள' என்கிறார்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை. பேச்செடுத்தால் 'அதெல்லாம் எதுக்குடா இப்ப' என்று எழுந்து போய்விடுகிறார்.

தருமபுரி நர்ஸ்:
தம்பி, நான் கொரோனா வார்டில் வேலை பார்த்தவள். அழாமல் இருப்பதைத் தைரியம் என்று சொல்லிச் சொல்லியே பலரை வாயடைத்து வைத்திருக்கிறோம். அந்தச் சத்தம் ஆபத்து என்று அம்மாவின் மூளையில் பதிந்துவிட்டது, யோசிப்பதற்கு முன்பே நெஞ்சு படபடக்கும், கை சில்லிடும், 'பயப்படாதே' என்றால் அடங்காது. பக்கத்தில் போய் நில்லுங்கள். மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக விடச் சொல்லி நீங்களும் கூடவே விடுங்கள். அடங்கின பிறகு 'பயமா இருந்துச்சா, கோபமா இருந்துச்சா' என்று மெதுவாகக் கேளுங்கள். உள்ளே இருப்பது இன்னதென்று வாய்விட்டுச் சொன்னாலே வேகம் கொஞ்சம் குறையும். பலருக்கு அது வெறும் துக்கம் இல்லை, கடைசியாகப் பார்க்க விடவில்லையே என்ற ஆத்திரம், நம்மால்தான் தொற்றியதோ என்ற குற்ற உணர்வு.

ஓசூர் அக்கா:
எங்கள் பெரியம்மாவுக்கும் இதே கதைதான். ஆடி அமாவாசைக்கு ஒகேனக்கல் கூட்டிப் போனோம், அண்ணன் திதி கொடுத்தான், விட்டுப்போன காரியத்தைச் செய்தாச்சு என்று அவரே சொன்னார். திரும்பி வரும்போது பஸ்ஸில் பென்னாகரம் தாண்டினதும் தானாகப் பேச ஆரம்பித்தார். ஆனால் வற்புறுத்தாதீர்கள், அவர் வருகிறேன் என்றால் மட்டும்.

காவேரிப்பட்டணத்தான்:
ரொம்ப நன்றி. டாக்டரிடம் போகலாம் என்றால் 'நான் என்ன பைத்தியமா' என்பாரே?

தருமபுரி நர்ஸ்:
சரி, முதலில் நீங்கள் 14416-க்குப் பேசுங்கள். அரசு மனநல உதவி எண், இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், வீட்டு ஆட்களும் ஆலோசனை கேட்கலாம். 6 மாதம் தாண்டியும் துக்கம் அன்றாடத்தை முடக்கினால் அது சிகிச்சை தேவைப்படும் நிலை என்று உலக சுகாதார நிறுவனமே வகைப்படுத்தியிருக்கிறது, அதனால் இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. அம்மாவிடம் 'தூக்கத்துக்கும் படபடப்புக்கும் காட்டிட்டு வரலாம்' என்றே சொல்லுங்கள், அது பொய்யும் இல்லை. அப்புறம், செத்துப்போகலாம் போலிருக்கிறது என்று ஒரு வார்த்தை வந்தாலும் தனியாக விடாதீர்கள், அன்றைக்கே கூட்டிப் போங்கள்.