குறைந்த ஓம் காயில் போட்டு வாங்கிக் கட்டிக்கொண்ட கதைகள்

புகைவண்டி:

சிகரெட்டை விட்டு வேப்புக்கு (லிக்விடை ஆவியாக்கி இழுக்கும் மின்சிகரெட்) வந்த புதிதில் எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான்: லிக்விடைச் சூடாக்கும் கம்பியான காயிலின் ஓம், அதாவது மின்தடை, குறைந்தால் ஆவி கூடும். ஆவி கூடினால் நல்லதுதானே என்று 0.15 ஓம் காயிலோடு ஒரு டேங்க் வாங்கினேன். காயிலின் பக்கத்தில் 60 முதல் 80 வாட் என்று போட்டிருந்தது, சமர்த்தாக நடுவில் 70 வைத்தேன். கையில் இருந்த லிக்விட் மில்லிக்கு 20 மில்லிகிராம் நிகோடின் சால்ட். மூன்றாவது இழுப்பில் தொண்டை கமறியது, ஐந்தாவதில் நெற்றி வியர்த்தது, அப்புறம் சுவரைப் பிடித்துக்கொண்டே போய் வாந்தி எடுத்தேன். காயில்தான் கோளாறு என்று நினைத்து மறுநாள் அதே பெட்டியிலிருந்து புதுசு ஒன்றைப் போட்டு மறுபடியும் அதே கூத்து.

காயிலில் ஒரு குறையும் இல்லை. அது நேராக நெஞ்சுக்குள் இழுப்பவர்களுக்காகச் செய்தது, காற்று தாராளமாகப் போகும், ஒரே இழுப்பில் ஏகப்பட்ட லிக்விடை ஆவியாக்கும், அதில் 3 மில்லிகிராம் லிக்விட்தான் போட வேண்டும். நானோ சிகரெட் மாதிரி முதலில் வாயில் நிறுத்திப் பிறகு உள்ளே விடுகிற ஆள். ஆக, என் இழுப்பு ஒரு பக்கம், லிக்விட் ஒரு பக்கம், காயில் இன்னொரு பக்கம். உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள், என் மானம் கொஞ்சம் மிஞ்சும்.

கம்பிச்சுருள்:

உங்களுக்கு வாந்தியோடு போயிற்று நண்பரே, நான் கையையே சுட்டுக்கொள்ளப் பார்த்தேன். நான் காயிலை நானே சுற்றுகிறவன், சாதனம் மெக் மாட். அதாவது உள்ளே சர்க்யூட் எதுவும் கிடையாது, பட்டனை அழுத்தினால் பேட்டரி நேராகக் காயிலில் போய்ச் சேரும், தடுக்க ஆள் இல்லை. 26 கேஜ் தடிமன் உள்ள கந்தல் கம்பியில் (இரும்பு, குரோமியம், அலுமினியம் கலந்தது, பெயரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள்) 3 மில்லிமீட்டர் உள்விட்டத்தில் ஏழு சுற்று சுற்றினால் ஏறக்குறைய 0.85 ஓம் வரும். இரண்டு காயில் பக்கம் பக்கமாக மாட்டும்போது அது பாதியாகி 0.42 ஆகும். முழுசாக சார்ஜ் ஏறிய பேட்டரி 4.2 வோல்ட். வோல்ட்டை ஓமால் வகுத்தால் 10 ஆம்பியர். என் பேட்டரி தொடர்ந்து 15 ஆம்பியர் தாங்கும், ஆகையால் நிம்மதியாக ஓடிக்கொண்டிருந்தது.

ஒருநாள் கந்தல் தீர்ந்துபோய், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி இருந்ததே என்று அதை எடுத்தேன். அதே கேஜ், அதே ஏழு சுற்று, கை பழகிவிட்டது, ஓம் மீட்டரில் வைத்துப் பார்க்கச் சோம்பல். ஸ்டீலின் மின்தடை கந்தலில் பாதிதான் என்பது எனக்குத் தெரியாத விஷயமா? தெரியும். அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான். இரண்டு காயிலும் சேர்ந்து 0.22 ஓம், 19 ஆம்பியர். நாலு இழுப்பில் பட்டன் விரலைச் சுட்டது, குழாய் முழுக்க வெதுவெதுப்பு. பேட்டரியை உருவி ஒரு மண்சட்டியில் போட்டுவிட்டு, வாசலில் நின்று அரைமணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த அரைமணி நேரத்தில் வயது ஏறியது உண்மை.

பேட்டரி உறையில் சிலர் 30, 40 ஆம்பியர் என்றெல்லாம் அச்சடிப்பார்கள், அது பெரும்பாலும் சில நொடிகளுக்கு மட்டும் தாங்கும் அளவு. தொடர்ந்து எவ்வளவு தாங்கும் என்பதைத்தான் கேட்க வேண்டும். மெக் மாட்டில் காயில் தேர்வு காயிலிலிருந்து தொடங்குவதில்லை, பேட்டரியிலிருந்து பின்னோக்கி வர வேண்டும்.

அரைத்தூக்கம்:

கம்பிச்சுருள் அண்ணா சொன்னது மெக் மாட்டுக்கு. வாட் ஏற்றி இறக்கும் சாதனம் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு ஓம் குறைந்தாலே பேட்டரி வெடிக்கும் என்று பயப்பட வேண்டாம். அதில் பேட்டரிமேல் விழும் சுமை வாட்டைப் பொறுத்தது. 60 வாட் கேட்டால், சார்ஜ் குறைந்து 3.2 வோல்ட்டில் நிற்கும் ஒற்றை பேட்டரி ஏறக்குறைய 19 ஆம்பியர் தர வேண்டியிருக்கும், காயில் 0.2 ஆனாலும் 0.6 ஆனாலும் அதேதான்.

என் கதை நேரெதிர். பேட்டரி நிறைய நேரம் நிற்கட்டும் என்று 1.8 ஓம் காயில் வாங்கினேன். காலையில் அருமையாக இருக்கும், சாயங்காலம் ஆனால் சுவையே இருக்காது, வெறும் சுடுகாற்று. டேங்கைக் கழுவினேன், காயிலுக்குள் லிக்விடை உறிஞ்சும் பஞ்சை மாற்றினேன், லிக்விட் பாட்டிலைக்கூடத் தூக்கிப்போட்டேன். ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது, என் சாதனத்துக்குப் பேட்டரி வோல்ட்டைக் குறைக்கத் தெரியும், கூட்டத் தெரியாது. 4.2 வோல்ட் இருக்கும்போது 1.8 ஓமில் 9.8 வாட் கிடைக்கும், 3.5 வோல்ட்டுக்கு இறங்கியதும் 6.8 வாட்தான். திரையில் மட்டும் 12 வாட் என்று அசையாமல் நின்றுகொண்டிருந்தது. பொய் சொல்லும் திரையை நம்பி ஒரு நல்ல பாட்டில் போச்சு.

பஞ்சுமிட்டாய்:

எனக்கு ஓம் சரி, வாட் சரி, லிக்விட்தான் காலை வாரியது. 1.2 ஓம் பாடில் (சின்ன வேப் சாதனம்) 80 சதவீதம் விஜி, அதாவது காய்கறி கிளிசரின், உள்ள கெட்டி லிக்விடை ஊற்றினேன். காயிலுக்குள் லிக்விட் போகும் சின்ன ஓட்டைகள் வழியாகத் தேன் மாதிரி ஊர்ந்துதான் வரும். இரண்டு இழுப்பு நன்றாக வந்தது, மூன்றாவதில் பஞ்சு கருகிய வாடை. அந்த வாடை ஒருமுறை ஏறிவிட்டால் காயில் செத்தது, கழுவினாலும் போகாது. பாதிக்குப் பாதி கலவைக்கு மாறினேன், புதுக் காயில் போட்டதும் பஞ்சில் நாலு சொட்டு விட்டுப் பத்து நிமிடம் காத்திருக்கப் பழகினேன், அப்புறம் கருகவே இல்லை. என் அக்கா இதற்கு நேர்மாறு, பெரிய காயில் டேங்கில் நீர்த்த லிக்விடை ஊற்றிக் கைப்பை முழுக்க ஒழுகவிட்டவள்.

மீசைக்காரன்:

கருகல் என்றதும் நினைவு வருகிறது. 2015 தொடக்கத்தில் அமெரிக்காவில் போர்ட்லண்ட் மாநிலப் பல்கலைக்கழகக்காரர்கள் ஒரு சோதனை வெளியிட்டார்கள், 3.3 வோல்ட்டில் ஃபார்மால்டிஹைடு சேர்மம் அகப்படவில்லை, 5 வோல்ட்டில் அகப்பட்டது. அதே ஆண்டு வேறு ஆய்வாளர்கள், அவ்வளவு சூட்டில் வரும் கருகல் இழுப்பை மனிதர் யாரும் தொடர்ந்து இழுக்க மாட்டார்கள் என்று மறுப்பு எழுதினார்கள். இரண்டு பக்கமும் ஒன்றில் ஒத்துப்போகிறது: காயில் காய்ந்து சூடானால் வருவது நல்ல பொருள் அல்ல. கருகல் வந்தும் "லிக்விட் பாதி இருக்கிறதே" என்று இழுத்துக்கொண்டிருந்த ஆள் நான், அதனால் சொல்கிறேன்.

தேநீர்க்கடன்:

ஓம் குறைத்தால் நிகோடினையும் குறைக்கலாமே என்று ஒரு கணக்குப் போட்டேன். 1.2 ஓமில் 18 மில்லிகிராம் லிக்விட் ஒரு நாளைக்கு 2 மில்லி போகும். 0.2 ஓமுக்கு மாறி 3 மில்லிகிராம் வாங்கினேன், ஆறில் ஒரு பங்காகக் குறைத்துவிட்டேன் என்று வீட்டில் பெருமையாகச் சொன்னேன். ஒரு மாதம் கழித்துப் பாட்டில்களை எண்ணினால் நாளைக்கு 12 மில்லி! 2 பெருக்கல் 18-ம் 36, 12 பெருக்கல் 3-ம் 36. உடம்பு தனக்கு வேண்டியதை எண்ணி வாங்கிக்கொண்டது, இடையில் என் பாக்கெட் காலி. இப்போது 1.2-க்கே திரும்பிவிட்டேன், காயிலைத் தொடாமல் லிக்விடின் அளவை மட்டும் 18, 12, 9 என்று இறக்கிக்கொண்டிருக்கிறேன்.

கம்பிச்சுருள்:

தேநீர்க்கடன் அண்ணன் கணக்கு அபாரம். ஒன்று விட்டுப்போயிற்று. ஒரே ஓம் என்றால் ஒரே காயில் என்று நினைக்காதீர்கள். மெல்லிய கம்பியில் நாலே சுற்று சுற்றியும் 0.8 கொண்டுவரலாம், தடித்த கம்பியில் பத்துப் பன்னிரண்டு சுற்று சுற்றியும் 0.8 கொண்டுவரலாம். முன்னது சட்டென்று சூடேறும், பரப்பு குறைவு, வாட் கொஞ்சம் கூடினாலும் கருக்கும். பின்னது சோம்பேறி, ஆனால் கூடுதல் வாட்டைத் தாங்கும். மெஷ் காயில் (கம்பிக்குப் பதில் வலைத் தகடு) நன்றாக இருப்பதாகச் சொல்வதும் பரப்பினால்தான். ஆகவே பக்கத்தில் எழுதியிருக்கும் வாட் வரம்பைப் பார்த்து, அடிமட்டத்தில் தொடங்கி இரண்டிரண்டாக ஏற்றுங்கள்.

வரம்பே போடாத, பட்டன்கூட இல்லாத சின்ன பாட்களில் ஓம்தான் வாட். 3.6 வோல்ட் தருகிற பாடில் 1.2 ஓம் போட்டால் 10.8 வாட், 0.8 போட்டால் 16.2. ஏற்ற இறக்க வேறு வழி கிடையாது.

புகைவண்டி:

எல்லோருக்கும் நன்றி. கம்பிச்சுருள் சொன்னபடி 1.0 ஓம் காயில் போட்டு 10 வாட்டில் தொடங்கினேன், 12-ல் நின்றுவிட்டேன், அதற்குமேல் தொண்டை ஒத்துக்கொள்ளவில்லை. அதே 20 மில்லிகிராம் லிக்விட்தான், சிகரெட் அளவுக்கு இறுக்கமான இழுப்பு, நாலைந்து இழுத்ததும் போதும் என்று தானாகக் கை கீழே போகிறது. வியர்வை இல்லை, சுவர் பிடிக்க வேண்டியதும் இல்லை. 0.15 ஓம் காயில் பெட்டியில் இன்னும் மூன்று பிரிக்காமல் கிடக்கின்றன. யாருக்காவது வேண்டுமா, அரைத்தூக்கம்? உங்கள் பாட்டில் கணக்கில் கழித்துக்கொள்ளலாம்.

அரைத்தூக்கம்:

வேண்டாம் சாமி, என் சாதனம் 0.5-க்குக் கீழே போனாலே "ஓம் மிகக் குறைவு" என்று காட்டிவிட்டு அணைந்துவிடும். என்னைவிட அதற்கு அறிவு ஜாஸ்தி.