மானிய டீசலை நிறுத்திவிட்டு அந்தப் பணத்தைக் குடும்பங்களுக்குக் கொடுக்கலாமா?

கேள்வி: பொருளியல் மாணவி, தங்கச்சிமடம்

அனைவருக்கும் வணக்கம். மாநில அரசு மீன்பிடித் தொழிலுக்குச் செய்யும் செலவைப் பற்றி முதுகலை ஆய்வு எழுதிக்கொண்டிருக்கிறேன். 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில், ஆண்டுதோறும் மீன்பிடிக்கத் தடை உள்ள காலத்துக்கான நிவாரணம் (தடைக்கால நிவாரணம்) குடும்பத்துக்கு 5,000 ரூபாயிலிருந்து 8,000 ரூபாயாகவும், வரிவிலக்குடன் கிடைக்கும் டீசல் விசைப்படகுக்கு ஆண்டுக்கு 18,000 லிட்டரிலிருந்து 19,000 லிட்டராகவும், இயந்திரம் பொருத்திய நாட்டுப்படகுக்கு 4,000 லிட்டரிலிருந்து 4,400 லிட்டராகவும் உயர்த்தப்படும் என்று முதலமைச்சர் அறிவித்தார். டீசல் இன்னும் ஜி.எஸ்.டி.க்குள் வராததால், இது மாநிலம் தன் சொந்த வருவாயிலிருந்து விட்டுக்கொடுக்கும் பணம். 11 விழுக்காடும் லிட்டருக்கு 9 ரூபாய் 62 காசுமாக உள்ள மாநில விற்பனை வரியைத் தோராயமாக லிட்டருக்கு 17 ரூபாய் என்று வைத்தால், ஒதுக்கீட்டை முழுதாக எடுக்கும் விசைப்படகுக்கு ஆண்டுக்கு மூன்று லட்சத்துக்கு மேலும், நாட்டுப்படகுக்கு 75,000 ரூபாய் அளவிலும் சலுகை போகிறது. படகில்லாமல் கடற்பாசி எடுக்கும் என் அத்தைக்கு இதில் ஒரு ரூபாயும் இல்லை. சலுகையை நிறுத்திவிட்டு அந்தத் தொகையை எல்லா மீனவக் குடும்பங்களுக்கும் ரொக்கமாகப் பிரித்துக் கொடுத்து, மீதியைச் சந்தையிடம் விட்டுவிடலாம் என்று வகுப்பில் சிலர் வாதிடுகிறார்கள். உங்கள் அனுபவம் என்ன சொல்கிறது?

பதில் 1: ஓய்வுபெற்ற அரசுக் கணக்கர், ராமநாதபுரம்

உங்கள் வகுப்பினர் சொல்வதை நான் ஏற்கிறேன். எரிபொருளை மலிவாக்கினால், குறைவாக எரிப்பவரைவிட அதிகமாக எரிப்பவருக்கே அதிகம் போய்ச் சேரும். ஏற்கெனவே மீன் குறைந்துவிட்ட பாக் நீரிணையில் கூடுதல் நேரம் இழுவலை போடுவதற்கு அரசே ஊக்கம் கொடுத்ததாகவும் ஆகும். 2021 ஆகஸ்டில் மாநில நிதிநிலை பற்றி அரசு வெளியிட்ட வெள்ளை அறிக்கை மாநிலத்தின் கடனை 5.70 லட்சம் கோடி ரூபாய் என்று காட்டியது. அந்த நிலையில் உள்ள அரசு, விட்டுக்கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் யாருக்குப் போகிறது என்று பார்த்தே ஆக வேண்டும்.

பதில் 2: விசைப்படகு உரிமையாளர், பாம்பன்

ஐயா, கணக்கு சரி. ஆனால் ஒன்றை விட்டுவிட்டீர்கள். ரொக்கமாக அறிவித்த தொகை, அடுத்த அறிவிப்பு வரும்வரை அப்படியே நிற்கும். தடைக்கால நிவாரணம் 5,000 ரூபாயாகவே பல ஆண்டுகள் கிடந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். அதற்குள் அரிசியும் எண்ணெயும் எங்கோ போய்விட்டன. டீசலை லிட்டர் கணக்கில் கொடுத்தால், விலை ஏறும்போது 11 விழுக்காட்டுப் பங்கின் பயனும் கூடவே ஏறும். ரொக்கம்தான் என்றால், அதை விலைவாசியோடு பிணைத்துச் சட்டமாக்கட்டும், பிறகு பேசலாம். இன்னொன்று: ராமேசுவரம் பகுதி விசைப்படகுகள் வாரத்தில் திங்கள், புதன், சனி என்று மூன்று நாட்கள்தான் கடலுக்குப் போகின்றன. அந்த மூன்று நாட்களிலும் சலுகை டீசல் இல்லையென்றால், சம்மாட்டியின், அதாவது படகு உரிமையாளரின், பங்குக்கு முன்னே படகில் வேலை செய்யும் ஆட்களின் பங்குதான் குறையும்.

பதில் 3: மீனவர் கூட்டுறவுச் சங்கத்தில் பணியாற்றியவர், தொண்டி

இருவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆனால் "மீதியைச் சந்தையிடம் விடலாம்" என்ற இடத்தில்தான் எனக்குத் தடுக்கிறது, ஏனென்றால் நம் கரையில் பலருக்குச் சந்தை என்ற ஒன்றே இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் படகு கரையில் நிற்கும்போதுதான் பலகை மாற்றி, இயந்திரம் பிரித்து, வலை வாங்க வேண்டியிருக்கிறது. 8,000 ரூபாய் அடுப்புக்கே சரியாகிவிடும். வங்கி கொடுக்காததை வியாபாரி முன்பணமாகக் கொடுக்கிறார், வட்டியும் கேட்பதில்லை. ஆனால் அந்தப் பணம் தீரும்வரை இறாலும் நண்டும் கணவாயும் அவரிடம்தான் போக வேண்டும், அவர் சொன்னதே விலை. வட்டி அந்த விலைக்குள் ஒளிந்திருக்கிறது. இப்படிக் கட்டுண்டு விற்பவரின் கையில் மூன்று லட்சத்தை ரொக்கமாகக் கொடுத்தாலும், டீசலாகக் கொடுத்தாலும், அதில் ஒரு பங்கு விலைக்குறைப்பாக வியாபாரியிடம் போய்ச் சேரும்.

திருவனந்தபுரம், கன்னியாகுமரிக் கரைகளில் மீனவர் சங்கங்கள் இந்த முடிச்சைத்தான் முதலில் அவிழ்த்தன. சங்கமே கரையில் பகிரங்கமாக ஏலம் விட்டது, விற்ற தொகையில் ஒரு சிறு பகுதியைக் கடனுக்கும் சேமிப்புக்கும் பிடித்துக்கொண்டது, அதன்பின் யார் அதிகம் கேட்டாரோ அவருக்கு மீன் போனது. கேரளம் 2021இல் மீன் ஏலத்துக்கென்று தனிச் சட்டமே இயற்றி, ஏலக் கமிஷனுக்கு உச்சவரம்பு வைத்தது. தடையற்ற சந்தையை விரும்புகிறவர்கள் முதலில் கேட்க வேண்டிய சீர்திருத்தம் இதுதான் என்பது என் உறுதியான கருத்து.

மானியம் பெரிதாக இருந்தால் போதும் என்பதற்கும் நம் கரையிலேயே மறுப்பு இருக்கிறது. 2017இல் தொடங்கிய ஆழ்கடல் மீன்பிடித் திட்டத்தில், 80 லட்ச ரூபாய்ப் படகுக்கு மத்திய, மாநில அரசுகள் 56 லட்சம் கொடுத்தன. இருந்தும் 2,000 படகுகள் என்ற இலக்கின் அருகில்கூடப் போக முடியவில்லை. மீதி 24 லட்சத்தில் கடன் போகக் கையிலிருந்து 8 லட்சம் போட, முன்பணத்தில் கட்டுண்டவர் எங்கே போவார்?

பதில் 4: விசைப்படகு உரிமையாளர், பாம்பன்

தொண்டி ஐயா சொன்ன முன்பணக் கணக்கு உண்மை. நானும் அதில்தான் இருக்கிறேன். 19,000 லிட்டரில் நாலாயிரத்தைக் குறைத்துக்கொண்டு, அதற்கு ஈடான தொகையைச் சங்கத்தின் சுழல்நிதியாக (திரும்பி வரும் கடனையே மறுபடி கடனாகக் கொடுக்கும் நிதியாக) வைத்துக் குறைந்த வட்டியில் பழுதுபார்ப்புக் கடன் தருவதாக இருந்தால், நான் கையெழுத்துப் போடுவேன். ஒரே நிபந்தனை: பணம் மே மாதம் முதல் வாரத்துக்குள் கைக்கு வர வேண்டும். ஜூனில் வந்தால், அதற்குள் வியாபாரியிடம் வாங்கி முடித்திருப்போம்.

கேள்வி கேட்டவர்

நன்றி அண்ணன், நன்றி ஐயா. நாலாயிரம் லிட்டருக்கு லிட்டருக்கு 17 ரூபாய் வீதம் ஒரு படகுக்கு 68,000 ரூபாய் ஆகிறது. அந்த நிதியில் பாசி எடுக்கும் பெண்களும் உறுப்பினராகிக் கடன் பெற முடியுமா, அதற்குச் சங்க விதிகளில் என்ன மாற்றம் வேண்டும் என்று தொண்டி ஐயா சொன்னால், அதையே ஆய்வின் அடுத்த இயலாக எடுத்துக்கொள்கிறேன்.