லேடெக் அறிக்கையில் வரைபின் எழுத்து மங்குகிறது

குளத்தடி:
இறுதியாண்டு ஆய்வறிக்கையை லேடெக் என்ற ஆவணத் தொகுப்பு மென்பொருளில் எழுதுகிறேன். இரணைமடுக் குளத்தின் பத்து வருட நீர்மட்டம், ஒரு நாளுக்கு ஒரு அளவு, ஒவ்வொரு வருடமும் ஒரு கோடு. க்னூபிளாட் என்ற வரைபு மென்பொருளில் வரைந்து பிஎன்ஜி படமாகச் சேமித்து இன்க்ளூட்கிராஃபிக்ஸ் கட்டளையால் உள்ளே போடுகிறேன். திரையில் பரவாயில்லை, ஆனால் கிளிநொச்சியில் கடையில் பிரிண்ட் எடுத்தால் எண்கள் மங்கி, வான் மட்டம் (குளம் நிரம்பி வழியத் தொடங்கும் உயரம்) 36 அடி என்று போட்டது 38 போல் தெரிகிறது. மேற்பார்வையாளர் சிவப்புப் பேனையால் ‘அணைக்கட்டு தாங்குமா?’ என்று எழுதித் தந்திருக்கிறார். தை, மாசி என்று மாதப் பெயர் போட்ட இடத்தில் வெறும் பெட்டிகள் வேறு. அறிக்கையைத் தொகுப்பது தமிழ் எழுத்துருக்களை ஏற்கும் லேடெக் வகையான ஸீலேடெக்கில். என்ன செய்யலாம்?

மாங்குளத்தான்:
தம்பியோ தங்கச்சியோ, முதலில் பிஎன்ஜியை விடுங்கள். அது புள்ளிகளால் ஆன படம், பெருப்பித்தால் புள்ளிதான் பெருக்கும். க்னூபிளாட்டில் வெளியீட்டு வகையை டெர்மினல் என்பார்கள்; பிடிஎஃப்கெய்ரோ டெர்மினலில் கோடு கூராக வரும், ஆனால் எழுத்து க்னூபிளாட்டின் எழுத்துருவிலேயே இருக்கும், கணினியில் தமிழ் எழுத்துரு எதுவும் இல்லையென்றால் திரும்பவும் பெட்டிதான். உங்களுக்குச் சரியானது கெய்ரோலேடெக் டெர்மினல். கோடுகள் ஒரு பிடிஎஃப் கோப்பிலும் எழுத்துகள் தனியாக ஒரு டெக் கோப்பிலும் வரும், அந்த டெக் கோப்பை இன்புட் கட்டளையால் அழைத்தால் அறிக்கையின் எழுத்துருவே வரைபிலும் வரும், தமிழும் வரும். அளவை டெர்மினல் வரியிலேயே சென்டிமீட்டரில் கொடுங்கள், 13க்கு 8 போதும். பிறகு இழுத்துச் சுருக்க வேண்டாம், சுருக்கினால் எழுத்தும் சேர்ந்து சுருங்கும். லேபிளில் பின்சாய்கோடு வருகிறதென்றால் ஒற்றை மேற்கோளுக்குள் எழுதுங்கள், இரட்டை என்றால் க்னூபிளாட் அதை விழுங்கிவிடும். நான் ஒரு முழுப் பின்னேரத்தை இதில் தொலைத்தவன்.

முறிகண்டிக் கச்சான்:
இரண்டு மென்பொருளோடு ஏன் மல்லுக்கட்ட வேண்டும்? லேடெக்கின் வரைபுப் பொதியான பிஜிஎஃப்பிளாட்ஸ் போடுங்கள், எல்லாம் லேடெக்குக்குள்ளேயே முடிந்துவிடும்.

மாங்குளத்தான்:
சிறிய தரவுக்குச் சரி. பத்து வருடம் என்றால் 3,650 புள்ளிக்கு மேல், அதுவும் ஒவ்வொரு முறை தொகுக்கும்போதும் முதலில் இருந்து வரையும், தேத்தண்ணி ஊற்றிக் குடித்துவிட்டு வரலாம். சில வேளை நினைவகம் போதாது என்று நின்றும் விடும்.

முறிகண்டிக் கச்சான்:
நின்றால் லுவாலேடெக் என்ற இன்னொரு லேடெக் வகையில் ஓட்டுங்கள், நினைவகத்தை அது தேவைக்கு ஏற்பக் கூட்டிக்கொள்ளும். எக்ஸ்டெர்னலைஸ் என்ற வசதியைப் போட்டால் படம் ஒரு தடவை மட்டும் வரைந்து பிடிஎஃப்பாக இருக்கும். தேத்தண்ணி ஒரு முறைதான் அண்ணை.

குளத்தடி:
கெய்ரோலேடெக் செய்து பார்த்தேன். பிடிஎஃப் பழுதான கோப்பு என்று திறக்கவே இல்லை.

மாங்குளத்தான்:
கடைசியில் அன்செட் அவுட்புட் என்ற க்னூபிளாட் கட்டளையை எழுதினீர்களா? அது இல்லாமல் க்னூபிளாட்டைத் திறந்தபடி விட்டால் கோப்பு முடிக்கப்படாமல் கிடக்கும்.

குளத்தடி:
அதேதான்! இப்போது 36 என்றால் 36. தமிழும் வந்துவிட்டது, ஆனால் ஐப்பசி கார்த்திகைக்கு மேல் ஏறி நிற்கிறது.

முறிகண்டிக் கச்சான்:
செட் எக்ஸ்டிக்ஸ் ரொடேட் பை 45 ரைட் என்று க்னூபிளாட்டில் போடுங்கள், மாதப் பெயர்கள் சாய்ந்து நிற்கும். காலபோக நெல்லுக்கான மழை தொடங்குகிற இடமே அதுதான், அங்கே நெருக்கினால் மேற்பார்வையாளர் திரும்பவும் பேனையை எடுப்பார்.