ஐஸ் ஹாக்கி ஸ்கேட், மட்டை வாங்க யோசனை சொல்லுங்கள்

வணக்கம். தென்னாப்பிரிக்காவில், செஞ்சூரியன் ஃபாரஸ்ட் ஹில் மாலில் உள்ள பனித்தளத்தில் பொழுதுபோக்காக ஐஸ் ஹாக்கி ஆடப் பழகுகிறேன். இதுவரை வாடகை ஸ்கேட்தான்; கணுக்கால் ஆடிக்கொண்டே இருக்கிறது. டொராண்டோவில் இருக்கும் சித்தி மகன் அடுத்த மாதம் இங்கே வருகிறான். அவனிடம் வாங்கிவரச் சொல்லலாம், ஆனால் போட்டுப் பார்க்காமல் வாங்குவதுதான் உதைக்கிறது.

நம்மூர் ஷூ எண் பிரிட்டிஷ் கணக்கு. எனக்கு 9, அமெரிக்கக் கணக்கில் ஏறக்குறைய 10. ஹாக்கி ஸ்கேட் அதைவிட ஒன்று, ஒன்றரை எண் குறைவாக எடுக்க வேண்டுமாம். அப்படியென்றால் 8.5-ஆ, 9-ஆ? பாதம் வேறு அகலம். பாவர் நிறுவன ஸ்கேட்டில் ஃபிட் 3 என்ற அகல அளவைப் போடுபவர்கள் யாராவது இருந்தால் கொஞ்சம் சொல்லுங்கள். அடுப்பில் சூடாக்கிக் காலுக்கு ஏற்ப வார்த்தால் அகலம் எவ்வளவு இளகும்?

மட்டைக்கு, உடல் எடையைப் பவுண்டில் எடுத்து, அதில் பாதியே ஃபிளெக்ஸ் (மட்டையின் விறைப்பைக் குறிக்கும் எண்) என்கிறார்கள். 70 கிலோவுக்கு 77 வருகிறது. மேல்முனையை அறுத்தால் விறைப்பு கூடும் என்பதால் 75 போதும் என்று நினைக்கிறேன். சரிதானா?

ஹெல்மெட் புதிதாகத்தான் வாங்குவேன், அதில் சமரசம் இல்லை.

அப்புறம், ஜோபர்க் (ஜோகன்னஸ்பர்க்), பிரிட்டோரியா பக்கம் ஸ்கேட் பிளேடின் அடியில் அரை அங்குல ஆரமுள்ள குழிவு வரும்படி ஒழுங்காகத் தீட்டித் தருபவர் யார்?