தோசைக்கடையில் நிற்கிறவளுக்கு வேதத்தில் எந்தச் சம்பவம்?

தக்கேட்டா தோசைக்கடை அக்கா எழுதியது:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். மியன்மாரில், யாங்கோன் தக்கேட்டாவில் வீட்டு வாசலிலேயே தோசையும் பருப்பு வடையும் போட்டு விற்கிறேன். கரண்ட் வருகிற நேரம் பார்த்துத்தான் மாவு ஆட்ட வேண்டும். போன வாரம் ஒருநாள் ராத்திரி இரண்டு மணிவரை கிரைண்டர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன், வரவேயில்லை. காலையில் ஊறின அரிசியில் புளித்த வாடை. தோசை இல்லை என்று முடிவுசெய்து, வடைக்குப் பருப்பை மட்டும் அம்மியில் அரைத்தேன்.

முந்தின நாள் எண்ணெய் வாணலியிலேயே இருந்தது. கரண்டியால் தூக்கினால் பாகு மாதிரி இறங்கியது, அவ்வளவு கறுப்பு. அரை வீசை புதிதாக வாங்கக் கையில் காசு இல்லை. அதிலேயே சுட்டேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாங்கிக்கொண்டு போனார்கள்.

அன்றைக்கு விடியற்காலையில் நான் வாசித்தது தானியேல் சிங்கக் கெபியில் இருந்ததை. சின்ன வயதிலிருந்தே எனக்குப் பிடித்த பகுதி. ஆனால் வாணலிக்கு முன்னால் நின்றபோது அது ஞாபகத்துக்கே வரவில்லை. கைக்காசு தீர்ந்த நாளில், யாரும் பார்க்காத இடத்தில் சீஷியாக நடக்க, வேதத்தில் எதைப் பிடித்துக்கொள்கிறீர்கள்? வசனத்தை மட்டும் அனுப்பாமல், உங்கள் வீட்டில் அது எப்படி உதவியது என்று சொல்லுங்கள்.

மோல்மேன் பெரியவர்:

மகளே, 1 இராஜாக்கள் 17-ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசி. சாறிபாத் விதவை. பஞ்சகாலத்தில் எலியா தீர்க்கதரிசி அவளைப் பார்க்கும்போது ஊர் வாசலில் விறகு பொறுக்கிக்கொண்டிருக்கிறாள். வீட்டில் பானையில் ஒரு பிடி மா, கலசத்தில் கொஞ்சம் எண்ணெய். அதில் முதலில் எலியாவுக்கு ஓர் அடை சுட்டுக் கொடுத்தாள். அதற்கப்புறம் மா செலவழிந்துபோகவில்லை, எண்ணெய் குறைந்துபோகவில்லை என்றுதான் எழுதியிருக்கிறது. பானை நிரம்பி வழிந்ததாக ஒரு வார்த்தைகூட இல்லை. அப்படியானால் தினமும் காலையில் அவள் பானைக்குள் கைவிட்டபோது விரல் அடியில்தானே தட்டியிருக்கும்? மறுநாளும் அதே பயத்தோடுதானே கைவிட்டிருப்பாள்? நான் அப்படித்தான் வாசிக்கிறேன்.

என் மனைவி படுக்கையில் விழுந்து இரண்டு வருஷம் ஆகிறது. மாதக் கடைசிவரைக்கும் மருந்துக்குப் பணம் என்று ஒருநாளும் என் கையில் இருந்ததில்லை. நாளைய மருந்துக்கு இருந்தது. அந்தப் பானையை நினைத்துக்கொண்டுதான் தினமும் மருந்துக்கடைக்கு நடக்கிறேன்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். அதே அதிகாரத்தில் அவளுடைய பிள்ளை நோயில் விழுந்து மூச்சும் நின்றுபோகிறது. எலியா ஜெபித்த பிறகுதான் உயிர் திரும்புகிறது. ஆகவே, விசுவாசித்தால் வீட்டில் கஷ்டமே வராது என்று யாராவது இந்தப் பகுதியை வைத்துப் பிரசங்கித்தால் ஒத்துக்கொள்ளாதே.

லைங்தாயா தம்பி:

அக்கா, நான் தையல் ஃபேக்டரியில் இருக்கிறேன். எனக்கு லூக்கா 5. பேதுருவுக்கும் கூட்டாளிகளுக்கும் ராத்திரி முழுக்கப் பாடுபட்டும் ஒரு மீன்கூட இல்லை, ஆனாலும் காலையில் வலையை அலசிக்கொண்டிருந்தார்கள் என்று இரண்டாம் வசனத்தில் வருகிறது. ரொம்ப நாள் அதைக் கவனிக்காமல் தாண்டிப் போயிருக்கிறேன். மீன் பட்ட வலையை அலசுவது வேறு, வெறும் வலையை அலசுவது வேறு. டார்கெட் முடிக்காமல் திட்டு வாங்கின நாளிலும் இப்போது மிஷினைத் துடைத்து, நூல் பிசிறு எடுத்து, மூடிவிட்டுத்தான் கிளம்புகிறேன்.

அமெரிக்க மிஷனரி ஜட்சன் ஐயா 1813-ல் நம் ரங்கூனில், அதாவது இப்போதைய யாங்கோனில், வந்து இறங்கினார். மாங் நௌ என்கிற முதல் பர்மியர் ஞானஸ்நானம் எடுத்தது 1819-ல். நடுவில் ஆறு வருஷம் அவரும் வெறும் வலையைத்தானே அலசியிருப்பார்.

இன்னொன்று. இயேசு சொன்னபடி மறுபடியும் வலை போட்டு மீன் பிடிபட்ட பிறகு பேதுரு, நான் பாவி, என்னை விட்டுப் போய்விடும் என்று காலில் விழுகிறார். இயேசு போகவில்லை. பயப்படாதே என்று சொல்லி, அந்த இடத்திலேயே வேலைக்குக் கூப்பிடுகிறார். எண்ணெய் விஷயம் உங்கள் மனதை அறுத்துக்கொண்டிருந்தால் அந்த வசனங்களையும் வாசியுங்கள் அக்கா.

தக்கேட்டா தோசைக்கடை அக்கா:

தம்பி, நீ எழுதினதை வாசித்த ராத்திரியே அந்த எண்ணெயைக் கொட்டிவிட்டேன். வாணலியைச் சாம்பலும் தேங்காய் நாரும் போட்டு இரண்டு தடவை தேய்த்தேன். அடியில் ஒட்டின கறுப்பு இன்னும் முழுசாகப் போகவில்லை.

அந்தப் பிள்ளைகளில் இரண்டு பேருடைய அம்மாவை எனக்குத் தெரியும். போய்ச் சொன்னேன். ஒருத்தி ஒன்றுமே பேசாமல் உள்ளே போய்விட்டாள், மூன்று நாளாகக் கடைப்பக்கம் வரவில்லை. இன்னொருத்தி நேற்று வந்து, நான் வடை போடுவதை நின்று பார்த்துவிட்டு நாலு வாங்கிப் போனாள். எண்ணெயை இப்போது கால் வீசை கால் வீசையாக வாங்குகிறேன். கறுக்கிற வரைக்கும்தான் வடை, அப்புறம் அடுப்பை அணைத்துவிடுகிறேன்.

மோல்மேன் ஐயா, உங்கள் வீட்டு அம்மாவுக்காக வியாழக்கிழமைக் கூட்டத்தில் ஜெபிக்கச் சொல்லியிருக்கிறேன். இந்த மாத மருந்து கிடைத்ததா?