பாதியில் நின்ற பழைய கார்கள்: நீங்கள் நேரில் பார்த்ததைச் சொல்லுங்கள்

பழைய பிஸ்டன் (திரி தொடங்கியவர்):

"பழைய கார், எண்பது சதவீதம் வேலை முடிந்தது, மீதிச் சாமான் எல்லாம் பெட்டியில் இருக்கிறது." இப்படி ஒரு விளம்பரம் கண்ணில் பட்டால் என்னால் சும்மா இருக்க முடியாது. வாங்குகிறேனோ இல்லையோ, ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடுவேன். வண்டி எப்படி இருந்தாலும் விற்கிறவர் சொல்லும் கதைக்காகவே போகலாம்.

ஏன் விற்கிறீர்கள் என்று கேட்டால் இடம் இல்லை, நேரம் இல்லை, வேலை மாற்றல், குழந்தை பிறந்திருக்கிறது என்பார்கள். யாரும் பொய் சொல்வதில்லை. ஆனால் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தால் வேறு கணக்கு தெரியும். வேலை நின்று நாலைந்து வருடம் ஆகியிருக்கும், குழந்தைக்கு ஆறு மாதம்தான் ஆகியிருக்கும். விற்கச் சொன்ன காரணம் ஒன்று, ஸ்பேனரைக் கீழே வைக்கச் சொன்ன காரணம் வேறொன்று. இந்த இரண்டாவது காரணத்தைத் தெரிந்துகொள்ளத்தான் இந்தத் திரி.

நான் பார்த்ததில் ஒன்று. எஞ்சின் தனியாக ஸ்டாண்டில் நின்றது. பிளாக்குக்குப் புதுப் பெயின்ட், ராக்கர் கவர் குரோம் பூச்சில் முகம் பார்க்கலாம். பக்கத்தில் பாடி. தரையில் ஒரு கை நுழையும் அளவுக்கு ஓட்டை, டிரைவர் சீட் பிடிக்கும் இடத்தில் தகடே இல்லை. முதலில் எஞ்சினை எடுத்துக்கொண்டாராம். ஏன் என்று கேட்கத் தேவையில்லை. எஞ்சின் வேலை மேஜை மேல் சுத்தமாக நடக்கும், முடித்தால் நாலு பேரிடம் காட்டலாம். துரு வெட்டுகிற வேலைக்கு மல்லாந்து படுக்க வேண்டும், கண்ணில் மண் விழும், முடித்தாலும் யாருக்கும் தெரியாது. கிராங்க் புல்லியில் ஸ்பேனர் போட்டுத் திருப்பிப் பார்க்கலாமா என்று கேட்டேன். அசையவில்லை. சிலிண்டரைக் கடைந்து, புது பிஸ்டன் ரிங் போட்டு, ஒரு தடவைகூட ஸ்டார்ட் செய்யாமலே உள்ளே இறுகிப்போயிருந்தது. எஞ்சின் எந்த நிலையில் நின்றாலும் ஏதோ ஒரு சிலிண்டருக்கு வால்வு திறந்துதான் இருக்கும். அந்த வழியாக ஈரக்காற்று உள்ளே போகும். பூசிய எண்ணெய் வடிந்த பிறகு சிலிண்டர் சுவரில் துரு ஏறத்தானே செய்யும். அவர் முகத்தைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது. எண்பது சதவீதத்தில் முப்பதை நான் அங்கேயே கழித்துவிட்டேன், அவரும் கழித்திருப்பார்.

இன்னொருவர் கதை இதற்கு நேர்மாறு. துரு இல்லாத, ஓடுகிற வண்டி. எஞ்சின் மட்டும் பெரிதாகப் போடலாம் என்று ஆரம்பித்தார். சக்தி கூடியதால் பழைய டிரம் பிரேக் போதவில்லை, டிஸ்க் வாங்கினார். டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் கேலிப்பர் 13 அங்குல வீலுக்குள் அடங்கவில்லை, 15 அங்குலம் வாங்கினார். ஸ்டீயரிங்கை முழுசாகத் திருப்பினால் டயர் மட்கார்டில் உரசியது, மட்கார்டை வெட்டினார். புது எஞ்சினோடு வந்த கியர்பாக்ஸ் நீளம் கூட, அதனால் தரை நடுவில் கியர்பாக்ஸை மூடும் மேடான தகட்டை வெட்டினார். பின்சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் நீளத்தைக் குறைத்து பேலன்ஸ் செய்யக் கொடுத்தார். பெரிய ரேடியேட்டருக்காக முன்பக்கத் தகட்டில் ஒரு வெட்டு. கடைசியில் எதில் நின்றது தெரியுமா? ஸ்பீடோமீட்டர் கேபிளில். பழைய மீட்டருக்கும் புது கியர்பாக்ஸுக்கும் கேபிள் முனை சேரவில்லை. அது ஒரு பெரிய வேலையே இல்லை. ஆனால் அதுவரை ஒவ்வொரு தடவையும் "இது ஒன்றுதான் பாக்கி" என்று நினைத்தவருக்கு அந்தக் கேபிளைப் பார்த்ததும் விட்டுப்போச்சு. ஓடிக்கொண்டிருந்த வண்டியை ஓடாத வண்டியாக்கி விற்பதுதான் அவருக்கு ஆறவே இல்லை.

சரி, நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள். முடித்தவர்கள் கதையும் வேண்டும்.

பட்டிக்காரர்:

பிஸ்டன் அண்ணே, நான் பெயின்டர், டிங்கரிங்கும் பார்க்கிறேன். செட்டுக்கு வந்து செத்த வண்டிகளைப் பற்றிச் சொல்கிறேன்.

முதல் சாவு, கதவுக்கு அடியில் வண்டி நீளத்துக்கு ஓடும் தகட்டுப் பெட்டியில். சேசிஸ் தனியாக இல்லாத வண்டிகளுக்கு அதுதான் முதுகெலும்பு. வீட்டிலேயே வெல்டிங் கற்றுக்கொண்ட ஒரு தம்பி, ரொம்ப நேர்த்தியான கை, இரண்டு பக்கமும் துருப்பிடித்ததை வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்துப் பற்றவைத்திருந்தார். பற்று ஒவ்வொன்றும் அழகு. ஆனால் வெட்டும் முன் கதவு வாசலுக்குக் குறுக்கே முட்டுக் குழாய் கொடுக்கவில்லை. வண்டி நடுவில் லேசாகத் தொய்ந்துவிட்டது. கதவை மூடினால் மேலே தகடோடு தகடு இடிக்கிறது, கீழே விரல் போகும் இடைவெளி. கீலைச் சரிசெய்து பார்த்து, பூட்டைச் சரிசெய்து பார்த்து, பட்டி வைத்து இழைத்துப் பார்த்து, பிறகுதான் என்னிடம் கொண்டுவந்தார். மறுபடி வெட்டினால்தான் வழி என்றேன். வண்டியை ஏற்றிக்கொண்டு போனவர் திரும்பி வரவில்லை.

இரண்டாவது, மணல் அடிப்பது. துரு, பழைய பெயின்ட் எல்லாம் ஒரே நாளில் போய்விடும் என்று மொத்தப் பாடியையும் கொடுத்துவிடுகிறார்கள். கனமான இடத்துக்குப் பரவாயில்லை. கூரை, பானெட் மாதிரி அகலமான மெல்லிய தகட்டில் முரட்டு மணலை அழுத்தமாக அடித்தால் தகடு விரிந்து அப்பளம் மாதிரி நெளிந்துவிடும். அதை மறுபடி தட்டிச் சமமாக்குகிற கைகள் இப்போது குறைவு.

மூன்றாவதுதான் எனக்கு எரிச்சலானது. வெறும் பிரைமர் அடித்து வருடக்கணக்கில் நிறுத்துவது. சாம்பல் நிறத்தில் பார்க்க வேலை முடிந்த மாதிரி இருக்கும். ஆனால் சாதாரண பிரைமர் ஈரத்தை உறிஞ்சும், அடியில் துரு நிம்மதியாக வளரும். நிறுத்திவைக்கத்தான் வேண்டும் என்றால் எபாக்ஸி பிரைமராவது அடியுங்கள்.

எங்கள் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். "பெயின்டருக்குக் கொடுத்தேன், இரண்டு வருடமாக மூலையில் கிடக்கிறது" என்று எல்லோரும் திட்டுகிறார்கள். விபத்து வண்டி ஒரு வாரத்தில் வந்து போகும், காசு உடனே வரும். பழைய வண்டிக்கு ஒரு விலை பேசியிருப்போம். பெயின்டைச் சுரண்டினால் அடியில் விரல்கனத்துக்குப் பழைய பட்டி, அதற்கும் அடியில் ஓட்டை. பேசின விலையில் அந்த வேலை கட்டாது, அதிகம் கேட்டால் சண்டை வரும். அதனால் எல்லோரும் மௌனமாக அதை மூலைக்குத் தள்ளுகிறார்கள். மொத்தமாகப் பேசாமல் கட்டம் கட்டமாக வேலை பேசி, கட்டம் கட்டமாகக் காசு கொடுக்கிறவர்களின் வண்டி வெளியே போய்விடுகிறது. நான் பார்த்தது அப்படித்தான்.

ஸ்பேனர் பதிமூன்று:

நான் முடித்த கட்சி. காரணம் எளிது, என் வண்டி ரோட்டை விட்டு இறங்கவே இல்லை. ஒரு சமயம் பிரேக், அப்புறம் கொஞ்சநாள் ஓட்டம், பிறகு வயரிங், மறுபடி ஓட்டம். எதைக் கழற்றினாலும் அதைப் பூட்டாமல் அடுத்ததைத் தொடுவதில்லை. பார்க்க ஒட்டுப்போட்ட மாதிரிதான் இருக்கும், யாரும் பரிசு தர மாட்டார்கள்.

இந்தப் பரிசு விஷயத்தையும் யோசிக்க வேண்டும். வண்டியை வெட்டிக் கொத்தி மாற்றும் இந்தப் பழக்கத்துக்குப் பெரிய ஊற்று கலிபோர்னியாவின் காய்ந்த ஏரிப்படுகைகள். 1930களிலேயே மியூரோக் மாதிரி இடங்களுக்குப் பழைய ஃபோர்டுகளை ஓட்டிக்கொண்டு போவார்கள். அங்கே மட்கார்டு, கண்ணாடி எல்லாம் கழற்றி எடையைக் குறைத்து வேகம் பார்ப்பார்கள். முடிந்ததும் பூட்டிக்கொண்டு அதே வண்டியில் வீட்டுக்கு வருவார்கள். 1932-ல் ஃபோர்டு மலிவு விலையில் வி8, அதாவது எட்டு சிலிண்டர் எஞ்சின், கொடுத்தது அவர்களுக்குப் பெரிய வரம். உரசலும் கீறலும் யார் கண்ணையும் உறுத்தவில்லை. 1950-ல் ஓக்லாந்தில் அமெரிக்காவின் மிக அழகான ரோட்ஸ்டருக்கு (கூரை இல்லாத திறந்த காருக்கு) ஆளைவிட உயரமான கோப்பை கொடுக்க ஆரம்பித்தார்கள். ஓட்டிப் பார்ப்பதற்கான வண்டி, நிறுத்திப் பார்ப்பதற்கான வண்டி என்று அங்கிருந்து வழி பிரிந்தது. இன்று வீட்டுக் கொட்டகையில் தனியாக வேலை செய்கிறவர்கூட, சம்பளத்துக்கு ஆள் வைத்துக் கட்டிய காட்சி வண்டியின் அடிப்பாகத்தைப் படத்தில் பார்த்துவிட்டுத் தன் வண்டிக்கு அடியில் படுக்கிறார். கை சோர்ந்துபோகாதா?

நீலக்கதவு:

நான் கார்க்காரி இல்லை, கார்க்காரரின் மகள். அப்பா ஒரு ஃபோக்ஸ்வேகன் பீட்டில் கார் வைத்திருந்தார். கூரையைத் தாழ்த்த வேண்டும், முன் அச்சை இறக்க வேண்டும், பெரிய எஞ்சின் போட வேண்டும் என்று திட்டம் மாறிக்கொண்டே இருக்கும். ஒரு கதவுக்கு மட்டும் நீலம் அடித்துப் பார்த்தார், அந்த நீலம் பிடிக்கவில்லை, வேலை அங்கேயே நின்றது. அம்மா "எப்போ முடிப்பீங்க" என்று கேட்பதை ஒரு கட்டத்தில் விட்டுவிட்டார். சாயந்திரம் ஆனால் அப்பா கொட்டகைக்குப் போவார். இரண்டு நண்பர்கள் வருவார்கள், கார்பரேட்டரைப் பிரித்துச் சுத்தம் செய்து மறுபடி பூட்டுவார்கள். போன வாரம் சுத்தம் செய்த அதே கார்பரேட்டர். அப்பாவுக்கு வேண்டியிருந்தது அந்தச் சாயந்திரங்கள்தான் என்று இப்போது படுகிறது. வண்டி முடிந்திருந்தால் மூன்று பேரும் எங்கே போயிருப்பார்கள்?

அவர் போன பிறகு அவர் நண்பர்களே வந்து, கூரையை வெட்டும் திட்டத்தையெல்லாம் ஓரங்கட்டிவிட்டு, கம்பெனியிலிருந்து வந்த மாதிரியே அதைப் பூட்டிக் கொடுத்தார்கள். சீக்கிரமே முடிந்துவிட்டது, அதுதான் ஆச்சரியம். பெட்டியில் ஒவ்வொரு நட்டும் எந்த இடத்தைச் சேர்ந்தது என்று அப்பா கையெழுத்தில் சீட்டு இருந்தது. வண்டி ஓடுகிறது. கதவை மட்டும் மாற்ற நான் விடவில்லை.

கிராங்க் கை:

நீலக்கதவு அக்கா எழுதியதைப் படித்துவிட்டு இதைச் சொல்லச் சங்கடமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். மனசு, பொறுமை, குணம் என்றே எல்லோரும் பேசுகிறீர்கள். வண்டியைத் தேர்ந்தெடுத்த அன்றே பாதி விதி முடிவாகிவிடுகிறது. உங்கள் அப்பா வண்டி பூட்டி முடிந்ததற்குச் சீட்டு ஒரு காரணம், அது பீட்டில் என்பது இன்னொரு காரணம். 2003-ல் மெக்சிகோவில் கடைசி வண்டி இறங்குவதற்குள் 2 கோடியே 10 லட்சத்துக்கு மேல் கட்டினார்கள். கண்ணாடி ரப்பர் முதல் தரைத் தகடு வரை இன்றும் புதிதாகக் கிடைக்கிறது. எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காருக்கு 1988-லிருந்து முழு பாடியே புதிதாக அடித்துத் தந்தார்கள். 1932 ஃபோர்டுக்கும் இன்று புது இரும்புப் பாடி வாங்கலாம். எஞ்சின் மாற்றுகிறவர்கள் ஏன் 1955-ல் வந்த செவ்ரோலே சின்ன வி8 வம்சத்திலேயே விழுகிறார்கள்? அதற்கு எஞ்சினைத் தாங்கும் பிடிப்பு, கிளட்ச் கவசம், புகைக்குழாய் எல்லாம் யாரோ ஏற்கெனவே அளந்து செய்து கடையில் வைத்திருக்கிறார்கள்.

எனக்குத் தெரிந்த ஒருவர் அரிதான ஒரு இரட்டைக் கதவு வண்டி எடுத்தார். நல்ல வேலைக்காரர், பொறுமைசாலி, நீங்கள் சொல்லும் குணம் எல்லாம் உண்டு. பின்விளக்குக் கண்ணாடி ஒன்று உடைந்திருந்தது. அச்சு எடுத்து ரெசினில் வார்த்துப் பார்த்தார், வெயிலில் மஞ்சளாகியது. ஜன்னல் ஓரப் பட்டை ஒன்று வளைந்திருந்தது, அதை நிமிர்த்த ஆள் கிடைக்கவில்லை. எஞ்சின், கியர்பாக்ஸ், பெயின்ட் எல்லாம் முடிந்து, இந்தத் துக்கடாச் சாமான்களுக்காகவே வண்டி நிற்கிறது. குணத்தைக் குற்றம் சொல்லாதீர்கள்.

பழைய பிஸ்டன்:

கிராங்க் கை சொல்வது சரி. ஆனால் பீட்டில் பாதியில் நிற்பதையும் நான் நிறையவே பார்த்திருக்கிறேன். சாமான் சுலபமாகக் கிடைப்பதாலேயே வாங்கிக் குவித்துவிட்டு, பெட்டியைப் பிரிக்காமலே விற்கிறவர்கள் ஒரு ரகம். பொட்டலத்துக்குள்ளேயே இறுகிப்போன கண்ணாடி ரப்பரைப் பார்த்திருக்கிறீர்களா? வாங்கினால் வேலை நடந்த மாதிரி ஒரு திருப்தி வந்துவிடுகிறது.

புதுசு:

வணக்கம் அண்ணா. முழுக்கக் கழற்றிப் போட்ட ஒரு வண்டி விலைக்கு வருகிறது. பாடி பிரைமரில் இருக்கிறது, எஞ்சின் தனி. எல்லாச் சாமானும் இருக்கிறது என்கிறார். எடுக்கலாமா?

பழைய பிஸ்டன்:

தம்பி, "எல்லாம் இருக்கிறது" என்று அவர் நம்பித்தான் சொல்வார். கழற்றியவரே அவர்தானா, அல்லது அவரும் பெட்டியாகத்தான் வாங்கினாரா என்று முதலில் கேளுங்கள். இரண்டு கை மாறிய பெட்டியில் என்ன இல்லை என்பது யாருக்கும் தெரியாது. கழற்றும்போது எடுத்த படங்கள் இருந்தால் நல்லது. இல்லையென்றால் அதே மாடல் வண்டி ஓட்டுகிற ஒருவரைக் கையோடு கூட்டிப்போங்கள். பாடியில் அடித்த எண்ணும் தாளில் உள்ள எண்ணும் ஒன்றா என்று வெளிச்சத்தில் பாருங்கள், பிரைமருக்கு அடியில் மறைந்திருந்தால் சுரண்டச் சொல்லுங்கள். அதற்கு ஒப்பாவிட்டால் கிளம்பிவிடுங்கள். எஞ்சினை நீங்களே கையால் திருப்பிப் பாருங்கள். கதவைக் கீலில் மாட்டி மூடிக் காட்டச் சொல்லுங்கள். பட்டிக்காரர் சொன்ன தொய்வு இருந்தால் அப்போதே தெரிந்துவிடும். காந்தம் ஒன்று எடுத்துப் போங்கள், பட்டி கனமாக இருக்கும் இடத்தில் ஒட்டாது.

அப்புறம், இந்த வண்டியை ஓட்ட வேண்டுமா, வேலை செய்ய வேண்டுமா? வேலை செய்யத்தான் ஆசை என்றால் தாராளமாக எடுங்கள், பேரம் மட்டும் சாமான் கணக்கில் பேசுங்கள். ஓட்ட ஆசை என்றால் பார்க்கச் சுமாராக இருந்தாலும் ஓடுகிற ஒன்றைத் தேடுங்கள். நேரில் போனால் படம் எடுத்துப் போடுங்கள். பளபளப்பான பக்கம் வேண்டாம், அடிப்பாகமும் கதவடியும் போதும், பட்டிக்காரர் பார்த்துச் சொல்வார்.